பாயசத்துக்கு எத்தனை ஸ்டார்

ராமருக்கு நாக்கு நீளம் என்று சேவுகம்பட்டியில் சொல்வார்கள். அது பொய். நாக்கு சாதாரண நீளம்தான். அதில் பட்டதை அப்படியே சொல்லிவிடுகிற வியாதிதான் அவருக்கு. வாரத்தில் நான்கு நாள் சம்பங்கி மூட்டையோடு திண்டுக்கல் பூ மார்க்கெட்டுக்குப் போவார். பூவைப் போட்டுவிட்டு ஏதாவது ஒரு மெஸ்ஸில் உட்காருவார். சாப்பிட்டுக் கழுவிய கை காயும் முன்னே போனை எடுத்து, கூகுளில் அந்தக் கடைக்கு ஸ்டார் போட்டு நாலு வரியும் எழுதிவிடுவார். இதுவரை நூற்றுப் பன்னிரண்டு கடை. ஐந்து ஸ்டார் வாங்கியவை மூன்றே மூன்று.

கடையோடு நின்றிருந்தால் பரவாயில்லை. மகள் ஜீவிதாவுக்கு வந்த முதல் வரன், மாப்பிள்ளை வீட்டார் ஆசையாக வாங்கி வந்த பால்கோவாவை வாயில் போட்டுக்கொண்டு "இது போன வாரத்துச் சரக்கு" என்று இவர் சொன்னதில் போனது. இரண்டாவது வரன் அய்யலூரில். காப்பியில் சிக்கரி கூடுதல் என்றார், முறுக்கு சுட்ட எண்ணெய் பழசு என்றார். பையனின் அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "பொண்ணு குடுக்க வந்தீகளா, சோதனை போட வந்தீகளா?" என்று எழுந்துவிட்டார். ஜீவிதா பத்து நாள் அப்பாவோடு பேசவில்லை.

மூன்றாவது வரன் திண்டுக்கல் டவுனிலேயே அமைந்தது. பையன் முகேஷ்குமார் மருந்துக்கடை வைத்திருந்தான். ஜீவிதா வேலை பார்க்கிற ஸ்கேன் சென்டருக்கு எதிர்க்கடை. இரண்டு பேரும் முன்னமே பார்த்துச் சிரித்துப் பழகியவர்கள் என்பது அம்மா பொன்னழகுக்குத் தெரியும். ராமருக்கும் தெரியும், தெரியாத மாதிரி இருந்துகொண்டார். பையனுக்கு அப்பா இல்லை, அம்மா ஓட்டல் நடத்துகிறார் என்று பேசி முடித்த மைத்துனன் பாண்டியராஜ் சொல்லியிருந்தான்.

மாப்பிள்ளை வீடு பார்க்கக் கிளம்புகிற அன்று பொன்னழகு வாசலை மறித்துக்கொண்டு நின்றாள்.

"இந்தாருங்க. அங்க என்ன வச்சாலும் 'சூப்பர்'. அந்த ஒத்த வார்த்தைதேன். வேற எதாச்சும் வாயில வந்துச்சு, அப்படியே பஸ்ஸேறி எங்க அம்மா வீட்டுக்குப் போயிருவேன்."

"உப்பு இல்லாட்டி?"

"சூப்பர்."

"உப்பு கூடிருந்தா?"

"அதுவும் சூப்பர்."

ஜீவிதா உள்ளே நின்றபடி அப்பாவைப் பார்த்தாள். அம்மா போட்ட சத்தத்தை விட அந்தப் பார்வைதான் ராமரைக் கட்டிப்போட்டது. இந்த முறை காரியம் கெட்டால் தன் முகத்தில் மகள் விழிக்கவே மாட்டாள் என்று அவருக்கு உறைத்தது.

நம் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. சம்பந்தம் பேசி இரண்டு பக்கமும் மனசு ஒத்துப்போகிற வரைக்கும், ஒரு வீட்டார் அடுத்த வீட்டில் கை நனைக்க மாட்டார்கள். தண்ணீர், காப்பியோடு சரி. இலையில் உட்கார்ந்து கை நனைத்துவிட்டால் சம்மதம் என்று அர்த்தம். சாப்பாடு முடிந்ததும் நிச்சயதார்த்தத் தட்டு மாற்ற நாள் குறிப்பார்கள். ஆகவே அன்றைக்கு இலை போடுகிறார்கள் என்றாலே முக்கால் கல்யாணம் முடிந்த மாதிரி.

வீடு சுத்தமாக இருந்தது. பையனின் அம்மா அங்கம்மாள் ஐம்பது வயதுக்காரி. ஆட்களை வேலை வாங்கிப் பழகிய குரல். "வாங்கண்ணே, வாங்க மதினி" என்று வாய் நிறையக் கூப்பிட்டவள், ராமரின் முகத்தை ஒரு கணம் கூடுதலாகவே பார்த்துவிட்டு அடுப்படிக்குள் போனாள். ராமர் சேரில் உட்கார்ந்து நிமிர்ந்தார். எதிர்ச் சுவரில் தினசரிக் காலண்டர் தொங்கியது. முருகன் படத்துக்குக் கீழே பெரிய எழுத்தில், 'மாயாண்டி மெஸ்'.

சம்பந்தியம்மா நடத்துகிற ஓட்டல் எது என்று அப்போதுதான் ராமருக்குப் புரிந்தது.

எட்டு மாதத்துக்கு முன்னால் அந்தக் கடையில் ஒரு மட்டன் பிரியாணி சாப்பிட்டிருந்தார். எழுதியது வரிக்கு வரி ஞாபகம் இருந்தது. 'கறி நல்ல கறி. பதமாக வெந்திருக்கிறது. சோறுதான் மோசம். நேற்று மிஞ்சியதை அடியில் போட்டு, இன்று வடித்ததை மேலே மூடியிருக்கிறார்கள். ஊரை ஏமாற்ற வேண்டாம்.' இரண்டு ஸ்டார். பக்கத்திலேயே அவர் பெயரும், கொடைக்கானலில் மங்கி குல்லா போட்டு எடுத்த படமும்.

மெதுவாகப் பொன்னழகின் பக்கம் சாய்ந்து விஷயத்தைச் சொன்னார். அவள் முகத்தில் ஈயாடவில்லை. "குல்லா போட்ட படந்தானே, அடையாளம் தெரியாது. வாயத் தொறக்காதீக" என்றாள் பல்லைக் கடித்துக்கொண்டு.

பேச்சு நல்லபடியாகவே போனது. இலை போட்டார்கள். நல்ல காரியம் என்பதால் சைவச் சாப்பாடு. சாம்பார் சூப்பர். உருளைக்கிழங்கு வெஞ்சனம் சூப்பர். இதெல்லாம் பொய்யில்லை, நிஜமாகவே நன்றாகத்தான் இருந்தது. கடைசியில் அங்கம்மாளே டம்ளரில் பாயசம் கொண்டு வந்து கொடுத்துவிட்டு, நகராமல் எதிரில் நின்றாள்.

ராமர் ஒரு வாய் குடித்தார். பால் அடிபிடித்திருந்தது. கருகிய வாசம் நாக்கைத் தாண்டி மூக்கு வரைக்கும் ஏறியது. கூட வந்திருந்த பாண்டியராஜ் "பிரமாதம்க்கா" என்றான். பொன்னழகு "அமிர்தமா இருக்கு மதினி" என்றாள்.

"நீங்க சொல்லுங்கண்ணே. எப்படி இருக்கு?"

ஜீவிதாவின் அந்தப் பார்வை கண்ணில் வந்து நின்றது.

"சூப்பர்," என்றார்.

அங்கம்மாளின் முகம் சட்டென்று வாடியது. "ம்" என்று மட்டும் சொல்லி உள்ளே போய்விட்டாள். இலை எடுத்தாயிற்று, வெற்றிலை வைத்தாயிற்று, நாள் குறிக்கிற பேச்சை மட்டும் காணோம். முகேஷ்குமார் அடுப்படிக்குள் போய்ப் போய் வந்தான். நாம்தான் சொன்னபடி நடந்தோமே, பிறகு என்னத்துக்கு இந்தக் கதி என்று ராமர் உள்ளுக்குள் புழுங்கினார். பொன்னழகின் விரல்கள் சேலை முந்தானையை முறுக்கிக்கொண்டே இருந்தன.

அங்கம்மாள் போனோடு திரும்பி வந்தாள். திரையை ராமர் முன்னால் நீட்டினாள். மங்கி குல்லா.

"இது நீங்கதேனாண்ணே? இல்ல, உங்க மாதிரி வேற ஆளா?"

பொன்னழகு கண்ணை மூடிக்கொண்டாள்.

"நான்தேன் தாயி," என்றார் ராமர். இனி மறைக்க என்ன இருக்கிறது.

"அப்படின்னா இப்பச் சொல்லுங்க. பாயசம் எப்படி?"

ராமர் பொன்னழகைப் பார்த்தார். அவள் கண்ணைத் திறக்கவில்லை. போகிறது போகட்டும் என்று சொல்லிவிட்டார்: "பால் அடிபிடிச்சிருக்கு தாயி. கிண்டாம விட்டுட்டீக. கருகின வாசத்த அமுக்கத்தான் ஏலக்காய அம்புட்டு அள்ளிப் போட்டுருக்கீக."

"அப்பாடா!" என்று அங்கம்மாள் பக்கத்துச் சேரில் பொத்தென்று உட்கார்ந்தாள். "இப்பத்தேன் எனக்கு உசிரு வந்துச்சு. எங்க வீட்டுக்காரர் போனதுக்கப்புறம் கூட்டம் கொறைஞ்சுக்கிட்டே வந்துச்சுண்ணே. யாரக் கேட்டாலும் சூப்பர்க்கா, சூப்பர்க்கா. நீங்க ஒருத்தர்தேன் சோத்துல என்ன நடக்குதுன்னு எழுதுனீக. மறுநாளே விடியக்காலையில போயி நின்னேன். மாஸ்டரு பழைய சோத்த அண்டாவுல தட்டுறாரு! அந்தாளு கணக்க முடிச்சு அனுப்பிட்டு, நானே அடுப்புல நின்னேன். இப்பல்லாம் மத்தியானம் ரெண்டு மணிக்கு வந்தா எங்க கடையில சோறு இருக்காது, அம்புட்டும் வித்துத் தீந்துருது."

ராமர் டம்ளரில் மிச்சமிருந்த பாயசத்தையும் குடித்து முடித்தார்.

"வாசல்ல உங்களப் பாத்ததும் அந்த ஆளு மாதிரி இருக்கேன்னு சன்னல்ல நின்னு பாத்தேன். அதுலதேன் பால் அடிபிடிச்சுச்சு. சரி, இதையே குடுத்துப் பாப்போம், அந்த ஆளா இருந்தா சொல்லிருவாருன்னு நெனச்சேன். நீங்களும் சூப்பர்னு சொன்னதும் சப்புன்னு போச்சு. இன்னொரு சூப்பர் சொல்ற சம்பந்தம் எனக்கு எதுக்குண்ணே?" அவள் சிரித்தாள். "வழக்கப்படி பாத்தா நீங்க எங்க சோத்துல கை நனைச்சு எட்டு மாசம் ஆச்சு. இனி என்ன பேச்சு? தை மாசத்துல தட்ட மாத்திருவோம்."

ராமர் கண் கலங்கியதை மறைக்கக் காலி டம்ளரை நீட்டினார். "இன்னும் கொஞ்சம் ஊத்து தாயி." பொன்னழகு கண்ணைத் திறந்து, முந்தானையை விட்டு, வந்ததிலிருந்து முதல் தடவையாக நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தாள்.

பஸ் ஏறுவதற்குள் ஜீவிதாவின் போன் வந்துவிட்டது.

"அப்பா, எதாச்சும் சொல்லிட்டீங்களா?"

"சொல்லிட்டேன்த்தா. பாயசம் அடிபிடிச்சிருக்குன்னு சொல்லிட்டேன்."

"அய்யோப்பா!" என்று அந்தப் பக்கம் அலறினாள். ராமர் அவசரமாகச் சொன்னார்: "அதச் சொன்னதுக்கு அப்புறந்தேன் நாள் குறிச்சாங்க. தை மாசம் தட்டு மாத்துறாங்கத்தா."

ஜீவிதா அழுதாளா சிரித்தாளா என்று பஸ் ஸ்டாண்டுச் சத்தத்தில் தெரியவில்லை. இரண்டும்தான் போலிருந்தது. மூக்கை உறிஞ்சிக்கொண்டு கேட்டாள்.

"நெசமாவே அடிபிடிச்சிருந்துச்சாப்பா?"

"நெசமா. ரெண்டு ஸ்டார் தாண்டாது."

"எத்தன டம்ளர் குடிச்சீங்க?"

"மூணு," என்றார் ராமர்.