மூச்சு நோட்டு

டிரங்குப் பெட்டியை நடுக்கூடத்துக்கு இழுத்துப் போட்டு, பத்மா உள்ளே கைவிட்டுத் துழாவிக்கொண்டிருந்தாள். வாசலில் ஆஸ்பத்திரிக் கம்பவுண்டர் வால்டர் ஸ்டூலில் உட்கார்ந்து, முழங்காலில் சாவுப் பதிவுப் பாரத்தை விரித்து வைத்துக்கொண்டு காத்திருந்தார். அவருக்கு மூச்சு நோட்டு வேண்டும். அதைப் பார்த்து அவர் பாரத்தை எழுதி டாக்டரிடம் கையெழுத்து வாங்கினால்தான் சுடுகாட்டில் சீட்டுக் கொடுப்பார்கள். சுரங்கத்தில் ரெண்டு மணிச் சங்கு ஊதுவதற்குள் அப்பா ஜம்புலிங்கத்தை எடுத்துவிட வேண்டும். ஊதிவிட்டால், தூக்குவதற்கு வந்திருக்கிற ஆம்பிளைகளில் பாதிப் பேர் நந்திதுர்க் ஷிப்டுக்குக் கிளம்பிவிடுவார்கள்.

காலை ஒன்பது மணிக்குப் போன உயிர். பத்து மணிக்கெல்லாம் பக்கத்து வீட்டுச் சரோஜம்மா வந்து, அழுகிறவர்களுக்கு நடுவில் வசதியான இடமாகப் பார்த்து உட்கார்ந்துவிட்டாள். சுரங்கத்துக்காரர்களின் அந்த லைன் வீடுகளில் அவள் இல்லாமல் ஒரு சாவு நடந்ததில்லை. யார் மாலையோடு வந்தார்கள், யார் வெறுங்கையை வீசிக்கொண்டு வந்தார்கள், யாருக்கு நிஜக் கண்ணீர், யாருக்கு முந்தானை மட்டும் நனைந்தது என்பதெல்லாம் சாயங்காலம் குழாயடிக்குப் போய்ச் சேரும். இன்றைக்கு அவள் முதலில் கண்டுபிடித்தது, பெத்த மகள் அழவில்லை என்பதைத்தான். "பி.யு.சி. படிச்சிட்டா கண்ணுல தண்ணி வராது போலக்குது" என்றாள், பத்மா காதில் விழட்டும் என்றே.

பத்மாவுக்குக் கேட்டது. அவள் நோட்டைத்தான் தேடினாள். ஆனால் அது கிடைக்காமல் போனால் தேவலை என்றும் இருந்தது.

ஜம்புலிங்கத்துக்கு லைன்காரர்கள் வைத்த பெயர் ஏழு ஜம்பு. சுரங்கத்துக்குள் இருபது வருஷம் டிராலிக் கணக்கைச் சரிபார்த்த மனுஷன். எத்தனை டிராலி கல் ஏறியது என்று எண்ண வேண்டிய மேஸ்திரிகளில் சிலர் நன்றாகத் தூங்கிவிட்டு, மேலே வரக் கேஜ் ஏறும் நேரத்தில் மனசில் வந்ததை எழுதித் தருவார்கள். ஜம்பு தாளைப் பார்த்தே பிடித்துவிடுவார். நிஜமாக எண்ணினால் நாற்பது வரும், ஐம்பத்தஞ்சு வரும், நாற்பத்துநாலும் வரும். பொய் எழுதுகிறவனுக்கு அந்த மாதிரி எண்ணைக் கண்டால் பயம். யாரும் நம்பமாட்டார்கள் என்று முப்பத்தேழு, நாற்பத்துமூணு என்று போட்டால்தான் நிம்மதி.

அதோடு நின்றிருந்தால் பெயர் வந்திருக்காது. அறுபத்திரண்டில் தொழிலாளர் சங்கத் தேர்தல் நடந்து ராஜப்பா ஜெயித்தார். போர்டில் ஒட்டியிருந்த நாற்பத்தெட்டு ஓட்டுப் பெட்டிக் கணக்கை ஜம்பு வெயிலில் நின்று நகல் எடுத்துக்கொண்டு வந்து, ராஜப்பாவின் ஓட்டில் கடைசி எண் ஏழாகவும் மூணாகவும் இருந்த இடத்திலெல்லாம் சிவப்புப் புள்ளி வைத்தார். ஏழு பதினொரு தடவை, மூணு பத்து தடவை. பூஜ்யம் ஒரே ஒன்று, அஞ்சும் ஒன்று. எண்ணியிருந்தால் ஒவ்வொன்றும் ஏறக்குறைய அஞ்சு தடவை வந்திருக்க வேண்டும், இது பெட்டியைத் திறக்காமலே எழுதின கணக்கு என்று மனுப் போட்டார். டீக்கடையில் சொன்னார், சலூனில் பாதி முகச் சவரத்தோடு சொன்னார், கல்யாணப் பந்தியில் பாயசம் ஆறிப்போகிற வரைக்கும் சொன்னார். தோற்றுப்போன ராமலிங்கமே ராஜப்பாவோடு ராசியாகி சங்கத்தில் ஒரு நாற்காலியும் வாங்கிக்கொண்டான். ஜம்பு விடவில்லை. டீக்கடையில் யாராவது ஏழு டீ கேட்டால், "எட்டாச் சொல்லுப்பா, ஜம்பு மனு போட்டுருவாரு" என்பார்கள். ஒன்பது வருஷமாக அதே ஜோக்குக்கு அதே சிரிப்பு.

கேலி பேசினவர்களுக்கெல்லாம் நெஞ்சு நன்றாகத்தான் இருந்தது. சுரங்கத் தூசி ஜம்புவுக்குத்தான் அடைத்தது. ஆறு மாசத்துக்கு முன்னால் டாக்டர் ஒரு நோட்டுப் போடச் சொன்னார். தினம் மூன்று வேளை, நிமிஷத்துக்கு எத்தனை மூச்சு என்று எண்ணி எழுத வேண்டும். முப்பதைத் தாண்டினால் உடனே வார்டுக்குக் கொண்டுவர வேண்டும். அம்மா பார்வதம்மாவுக்குக் கடிகாரம் பார்க்கத் தெரியாது. ஆகவே பத்மா.

முதல் வாரம் ஒழுங்காகத்தான் எண்ணினாள். மூச்சை எண்ணுவது என்றால் ஒரு முழு நிமிஷம் அப்பாவின் நெஞ்சையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். ஒரு மூச்சுக்கும் அடுத்த மூச்சுக்கும் நடுவில் அது வருமா என்று காத்திருக்க வேண்டும். ஒரு மத்தியானம் பதினேழாவது மூச்சுக்கு அப்புறம் நெஞ்சு அப்படியே நின்றது. பத்மா எழுந்து, குடத்தைக்கூட எடுக்காமல், குழாயடிக்கு ஓடிவிட்டாள். திரும்பி வந்தபோது அப்பா சுவரில் சாய்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். அன்றிலிருந்து அவள் எண்ணவில்லை. கடிகாரத்தைக் கையில் பிடித்துக்கொண்டு ஜன்னலுக்கு வெளியே, சுரங்கக் கழிவு குவிந்த சைனைட் மேட்டைப் பார்ப்பாள். நிமிஷம் முடிந்ததும் மனசில் வந்ததைப் பென்சிலால் எழுதி நோட்டை மூடிவிடுவாள்.

சாயங்காலமானால் அப்பா கையை நீட்டுவார். "நோட்டக் குடும்மா."

பொய் எழுதின முதல் நாள் கொடுத்துவிட்டு அவள் கதவோரமாக நின்றாள். அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்துவிட்டு, "சரிம்மா" என்றார். மறுநாளும் சரிம்மா. பார்வை மங்கிவிட்டது போல என்று பத்மா நினைத்துக்கொண்டாள். நினைத்துக்கொள்வது சௌகரியமாகவும் இருந்தது. நடுவில் ஒரு நாள், ஆஸ்பத்திரி வராந்தாவில் டாக்டர் அடுத்த லைன் வெங்கடம்மாவின் மூச்சு நோட்டை வீசியெறிந்து, எண்ணாமலே எழுதினாய் என்று அத்தனை பேர் முன்னால் அவளை அழவைத்ததைச் சரோஜம்மா வந்து நடித்தே காட்டினாள். அப்பா கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். மறுநாள், பின்னால் ரப்பர் வைத்த பென்சில் ஒன்று வாங்கி வரச் சொன்னார். இந்த நிலைமையிலும் மனுவா என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டாள்.

வாசலில் சத்தம் கொஞ்சம் அடங்கியது. ராஜப்பா வந்திருந்தார். லைனிலேயே பெரிய மாலை அவருடையதுதான். சரோஜம்மா எட்டிப் பார்த்து, ரோஜாவுக்கு நடுவில் ஜரிகை சுற்றியிருந்ததையும் கவனித்துக்கொண்டாள். மாலையைப் போட்டுவிட்டு அவர் போய்விடவில்லை. கூடத்து நிலைப்படிக்கு வந்து நின்றார்.

"அந்தப் பேப்பரு, இன்னும் வச்சிக்கினு இருந்தாரா?"

திறந்திருந்த டிரங்கு மூடியின் உள்பக்கம் அந்த ஓட்டுக் கணக்கு நகல் பசை போட்டு ஒட்டியிருந்தது. சிவப்புப் புள்ளிகள் பழுப்பேறியிருந்தன.

"இருக்குதுங்க" என்றாள் பத்மா.

ராஜப்பா அதைப் பார்த்தார். கிழித்துத் தரும்படி கேட்பார் என்று நினைத்தாள். கேட்கவில்லை. "ஒரு எண்ணு பொய்யா இருந்தாப் போதும், அந்த மனுசனுக்குச் சோறு எறங்காது" என்று சொல்லிவிட்டு, துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே போனார்.

நோட்டு, மடித்த வேட்டிகளுக்கு அடியில் கிடைத்தது. கூடவே பென்சிலும்.

எழுதினதும் மூடிவிடுகிற பழக்கத்தில் பழைய பக்கங்களை அவள் ஒரு நாளும் திருப்பிப் பார்த்ததில்லை. இப்போது திருப்பினாள், அப்பாவின் சிவப்புப் புள்ளிகளைத் தேடி. ஒரு புள்ளி இல்லை. இன்னொரு பக்கம் திருப்பினாள். இருபத்திரண்டு. இருபது. இருபத்தஞ்சு. இருபது. இருபத்தெட்டு. மறுபடி இருபத்திரண்டு.

அவள் இருபத்திரண்டு எழுதவில்லை. இருபதும் எழுதவில்லை. இருபத்திமூணும் இருபத்தேழும் இருபத்தாறுமாகத்தான் மாற்றி மாற்றி எழுதியிருந்தாள். வெளிச்சத்துக்குத் திருப்பிப் பிடித்தாள். எண் இருந்த இடங்களில் காகிதம் மயிர் எழும்பி மெலிந்திருந்தது. இரண்டின் அடி வாத்து வால் மாதிரி வளைந்திருந்தது. அவள் இரண்டு அப்படி வளையாது. டிராலிக் கணக்கில், மனுக்களில், மூடியில் ஒட்டிய தாளில் எல்லாம் இருப்பது அந்த வால்தான். கடைசிப் பக்கங்களில் அந்த வாலும் நடுங்கியிருந்தது. நேற்று வரைக்கும் ஒரு எண்கூட முப்பதைத் தொடவில்லை.

"இன்னா பத்மா, கெடைச்சிதா?" என்றார் வால்டர்.

கொண்டுபோய்க் கொடுத்தாள். அவர் எச்சில் தொட்டுப் பக்கங்களைப் புரட்டினார்.

"இத டாக்டரே எடுத்துக் காட்டுவாரும்மா, மத்தவங்களுக்கு. எல்லா லைன்லயும் சும்மா கிறுக்கிக் கொண்டாராங்க, இந்த ஒரு நோட்டுதான் பக்கத்துல குந்தி எண்ணினதுன்னு."

சரோஜம்மா அழுகையை நிறுத்திவிட்டுக் காதைத் தீட்டினாள். அப்பாவின் தலைமாட்டில் அம்மா ஈக்களை விரட்டிக்கொண்டிருந்தாள். வால்டர் கடைசிப் பக்கத்துக்கு வந்தார்.

"இன்னிக்குக் காலைல காலியா இருக்குதே. எண்ணினியா?"

"எண்ணினேன்."

காலையில் அப்பாதான் கடிகாரம் கட்டியிருந்த அவள் மணிக்கட்டைப் பிடித்தார். விடவில்லை. ஜன்னல் பக்கம் திரும்ப முடியவில்லை. முழு நிமிஷமும் நெஞ்சையே பார்த்து எண்ணினாள். எண்ணி முடித்துப் பென்சிலைத் தேடுவதற்குள் மணிக்கட்டிலிருந்து விரல்கள் தாமாகவே விட்டுவிட்டன.

"எவ்ளோ?"

"பதினொன்னு."

வால்டர் பேனாவை நிறுத்தினார். "பதினொன்னா? மத்ததெல்லாம் அவ்ளோ கரெக்டா இருக்குது, இது ஒண்ணு மட்டும் ஒப்புக்கு எழுதின மாரி இருக்கும்மா. பதிமூணுன்னு போட்டுக்கட்டா?"

"பதினொன்னுதாண்ணா."

"சரி, நோட்டுல நீயே போட்டுக் குடு."

உள்ளே போய்ப் பென்சிலை எடுத்து வந்து, ஸ்டூல் பக்கத்தில் மண்டியிட்டு, காலிக் கட்டத்தில் நேராக இரண்டு கோடு போட்டாள். வெளியே பறைக்காரர்கள் தோலைக் காய்ச்சத் தீ மூட்டிக்கொண்டிருந்தார்கள். வால்டர் நோட்டை வாங்கிக்கொண்டு எழுந்தார். பென்சில் அவள் கையிலேயே நின்றுவிட்டது. ஆண்டர்சன்பேட்டைக் கடையில் அவள் வாங்கினது. அப்பா இரண்டு தடவைகூடச் சீவியிருக்கமாட்டார். நீளம் குறையவே இல்லை. பின்னால் இருந்த ரப்பர்தான் தகரத்துக்குள் போகிற வரைக்கும் தேய்ந்திருந்தது.