செத்த மாட்டுக்குப் பொங்கல்

1

இந்தக் கதை என்னுடையதல்ல என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். மூலக்குளம் டீக்கடையில் இன்சூரன்ஸ்காரர் ஒருவர் சொல்ல, ஒட்டுக்கேட்டது. பெயர்களை மட்டும் மாற்றியிருக்கிறேன்.

முதல் தொடக்கம்: ‘1984 ஜனவரி. பொழுது புலர்ந்தது. பறவைகள்…’ [வேண்டாம். பறவைகளுக்கு இங்கே வேலை இல்லை.]

இரண்டாவது: மாட்டு இன்சூரன்ஸ் க்ளெய்ம்களைச் சரிபார்க்கும் அரிகிருஷ்ணன், மாட்டுப் பொங்கலன்று லீவு எடுப்பதே இல்லை. பொய்யாகச் செத்த மாடு வருஷமெல்லாம் ஒளிந்திருந்தாலும், அன்றைக்கு மட்டும் கொம்புக்கு வண்ணம் பூசிக்கொண்டு வாசலுக்கு வந்துவிடும். எட்டு வருஷத்தில் இப்படிப் பதினோரு மாடுகளைப் பிடித்திருக்கிறார்.

இது பரவாயில்லை. இதையே வைத்துக்கொள்வோம்.

2

மாட்டுக்காரன் கண்ணையனை முதலில் பெரிய கில்லாடியாக எழுதினேன். சரிப்படவில்லை. மில்லை மூடியதில் வேலை போனவன். பாங்குக் கடனில் வாங்கிய ஒரே மாடுதான் வீட்டில் அடுப்பெரிய வைக்கிறது. அதன் காதில் இன்சூரன்ஸ்காரர்கள் மாட்டியிருந்த நம்பர் வில்லையைக் கழற்றி, கசாப்புக் கடையில் கிடைத்த வேறொரு காதில் மாட்டி, ‘மாடு செத்துவிட்டது’ என்று அந்தக் காதையே அத்தாட்சியாக ஆபீசில் கொடுத்திருந்தான். [மாட்டு டாக்டரின் சான்றிதழ் எப்படிக் கிடைத்தது என்று கேட்காதீர்கள். அவரையும் உள்ளே விட்டால் இது நாவலாகிவிடும்.]

மாட்டுப் பொங்கலன்று அரிகிருஷ்ணன் போனபோது, முதலியார்பேட்டையில் அவன் வீட்டு வாசலில் மாடு மாலையும் கழுத்துமாக நின்றது. வில்லை இருந்த ஓட்டையில் ஒரு சாமந்திப்பூ.

“செத்துப்போச்சுன்னு எழுதிக் குடுத்தியே, அப்ப இது யாரு?” என்றார் அரிகிருஷ்ணன்.

“அதோட தங்கச்சிங்க சார்.”

கண்ணையனின் மனைவி தனக்கொடி கரண்டியோடு வெளியே வந்தாள். “ஏய்யா, நல்ல நாளும் அதுவுமா, அது எதிர்லயே செத்துச்சுன்னு சொல்றியே! தோ பாருங்க சார், இதுதான் அது. எங்க வேணா போய்ச் சொல்லிக்குங்க. பூசைய மட்டும் முடிச்சிக்கிறேன்.”

அரிகிருஷ்ணனுக்குக் கோபம் வரவில்லை; பையிலிருந்து க்ளெய்ம் படிவத்தை எடுத்தார். உள்ளதை எழுதினால் கண்ணையனுக்கு ஜெயில். போன வருஷம் ஒருவனுக்கு இரக்கப்பட்டு மெமோ வாங்கியவர் அவர்; இதையும் மறைத்தால் வேலை போய்விடும்.

3

முடிவு அ: உள்ளதை எழுதுகிறார். [தனக்கொடி என்னை மன்னிக்கமாட்டாள்.]

முடிவு ஆ: கண்டும் காணாததுமாகச் சைக்கிளை எடுத்துக்கொண்டு… [அவருக்கும் குடும்பம் இருக்கிறது.]

முடிவு இ: இதுதான் சுலபம். அன்று சாயங்காலமே மாடு தானாகச் செத்துவிடுகிறது. தேதி கொஞ்சம் இடிக்கும், ஆனால் க்ளெய்ம் உண்மையாகிவிடும், எல்லோரும் பிழைத்துக்கொள்வார்கள். நான்கு வரி போதும். எழுதியும்விட்டேன். பிறகுதான் உறைத்தது: உயிரோடிருக்கும் மாட்டைச் செத்ததாக எழுதிக் கொடுப்பதைத்தானே கண்ணையனும் செய்தான்?

நான்கு வரியையும் அடித்துவிட்டேன். மாடு பொங்கல் தின்றுகொண்டிருக்கிறது. கண்ணையன் தலையை நிமிர்த்தவில்லை. அரிகிருஷ்ணன் படிவத்தை விரித்து வைத்துக்கொண்டு என்னையே பார்க்கிறார், ‘மாடு இறந்ததா?’ என்ற கட்டம் காலியாக இருக்கிறது.

நீங்களே எழுதுங்கள். எதை எழுதினாலும் சரி, கீழே உங்கள் கையெழுத்தைப் போடுங்கள். என் பெயரை இழுக்காதீர்கள்.