நாலு விரல் உயரம்

மூன்று வருடம் நான் தார்ப்பாய்த் தொழிற்சாலையில் இரவு ஷிப்டில் தைத்துக்கொண்டிருந்தேன் என்று வீட்டில் நினைத்திருந்தார்கள். நான் தைக்கவில்லை. மடித்தேன். சேர்ந்த இரண்டாவது வாரமே சூப்பர்வைசர் என்னை மெஷினிலிருந்து எழுப்பி மடிப்பு மேசைக்கு அனுப்பிவிட்டார். என் தையல் கோணல். அதற்குப் பிறகு மற்றவர்கள் தைத்த கூடாரங்களை மடித்துப் பையில் திணிப்பதுதான் என் வேலை. சேர்ந்த புதிதில் அக்காவிடம் டெய்லர் வேலை என்று சொல்லியிருந்தேன். சொன்னது அப்படியே நின்றுவிட்டது. கல்லூரியைப் பாதியில் விட்டவன் தையலையும் விட்டுவிட்டான் என்று வேறு எதற்குச் சொல்ல வேண்டும்?

பிறகு அந்த வேலையையும் விட்டேன். பெரிய காரணம் ஒன்றும் இல்லை. ஒருநாள் போகவில்லை. மறுநாளும் போகவில்லை. எட்டு மாதமாக அக்கா வீட்டுப் பின்னறையில் இருக்கிறேன். அக்காவும் அத்தானும் இதுவரை ஒரு வார்த்தை கேட்டதில்லை. கேட்டிருந்தால் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

அத்தான் பஸ் டெப்போவில் மெக்கானிக். ஆறடிக்கு மேல் உயரம். அந்த உயரத்தை வைத்துக்கொண்டு காலையிலிருந்து மாலை வரை எஞ்சினுக்குள் தலையை விட்டுக் குனிந்தே நிற்பவர். வீட்டுக்கு வந்தால் முதல் வேலையாகச் சுவரில் முதுகை ஒட்டவைத்து நின்று, ஒவ்வொரு எலும்பாக நிமிர்த்துவார். அக்காவுக்கு ஆஸ்பத்திரி லேபில் வேலை. ஐந்து வருடத்துக்குப் பிறகு அவளுக்கு ஒன்பது நாள் சேர்ந்தாற்போல் லீவு கிடைத்திருந்தது. வெள்ளிக்கிழமை தொடங்குகிறது. அந்த ஒன்பது நாளுக்காகத்தான் அத்தான் ஒரு பழைய பிக்கப் வண்டியின் பின்பக்கத்தில் வீடு கட்டிக்கொண்டிருந்தார்.

வீடு என்றால் பிளைவுட் பெட்டி. அதன் கூரை தனி. ஓடும்போது கூரை கீழே படிந்து கிடக்கும். நிறுத்தியதும் தூக்கி, நான்கு மூலையிலும் படுத்திருக்கும் குழாய்களை எழுப்பி நிறுத்தி போல்ட் போட்டால் கூரை மேலே நிற்கும். பெட்டிக்கும் கூரைக்கும் நடுவில் நான்கு பக்கமும் துணிச்சுவர். அந்தத் துணிதான் பாக்கி.

"என்ன சார், புறாக்கூண்டா?" என்று எதிர்வீட்டுக்காரர் வேலியில் சாய்ந்துகொண்டு கேட்டார்.

"ஆமா சார். ரெண்டு புறா, ஒரு காக்கா." அத்தான் ஸ்பானரால் என்னைக் காட்டினார்.

"துணி வெளியில குடுக்கறீங்களா?"

"எதுக்கு? நம்ம மாப்ளயே டெய்லர். மூணு வருஷம் கூடாரம் தைச்ச கை. வெளியில குடுத்தா இவன் கோவிச்சுக்குவான்."

அந்த இடத்தில் வாயைத் திறந்திருக்க வேண்டும். மூன்று பேரும் சிரித்துவிட்டு வேறு பேச்சுக்குப் போயிருப்போம். நான், "நூலு மட்டும் நல்லதா வாங்கணும் அத்தான்" என்றேன்.

துணிக்கடையில் வயதான பெண் ஒருத்தி இருந்தாள். மூக்குக்கண்ணாடியைத் தலைமேல் ஏற்றிவிட்டிருந்தாள். எதற்குத் துணி என்று கேட்டாள். அத்தான் குழந்தையைப் பற்றிப் பேசுவதுபோல் வண்டியைப் பற்றிச் சொன்னார். அவள் இரண்டு சுருளை மேசைமேல் உருட்டினாள். ஒன்று கெட்டியான பருத்திக் கித்தான். மற்றொன்று பிளாஸ்டிக் பூச்சு போட்ட துணி.

"வீட்ல தைக்கிறதுன்னா கித்தான் எடுத்துக்கோங்க. நனைஞ்சா நூலு ஊறி ஊசித் துளைய அதுவே அடைச்சிடும். தப்பாத் தைச்சாலும் பிரிச்சுத் தைக்கலாம். இன்னொன்னு அப்படி இல்ல. ஊசி குத்துனா குத்துனதுதான். பிரிச்சீங்கன்னா துளை அப்படியே நிக்கும், தண்ணி வரும்."

"கனம் எப்டி?" என்று அத்தான் கேட்டார்.

"கித்தான் கனந்தான். நனைஞ்சா இன்னும் கனம். தம்பி என்ன சொல்றீங்க? நீங்கதானே தைக்கிறது?"

மூன்று வருடமாக என் கையில் புழங்கியது அந்தப் பூச்சுத்துணிதான். அதன் வாசனை தெரியும், எந்தப் பக்கம் வழுக்கும் என்று தெரியும். தெரிந்த ஒன்றைத் தெரிந்தவன்போலத் தடவிப் பார்த்தேன். "பிரிக்கிற மாதிரி நாங்க தைக்கிறதில்ல" என்றேன்.

அவள் கண்ணாடியைத் தலையிலிருந்து கண்ணுக்கு இறக்கி என்னை ஒருமுறை பார்த்தாள். அத்தான் என் தோளில் தட்டினார். பூச்சுத்துணியை வெட்டச் சொன்னோம்.

அக்கா அவளுடைய தோழியிடமிருந்து தடித்த துணி தைக்கும் மெஷினை இரவல் வாங்கி வந்து கூடத்தில் போட்டாள். பகலில் அவர்கள் இருவரும் வேலைக்குப் போய்விடுவார்கள். நான் தனியாகத் தைத்தேன். முதல் நாள் ஆறு ஊசி உடைந்தது. உடைந்ததைக் காகிதத்தில் சுற்றிக் குப்பையின் அடியில் போட்டேன். இரண்டாம் நாள் கை கொஞ்சம் பழகியது. நேர்கோடு வந்தது. உண்மையைச் சொன்னால், அன்று மதியம் சந்தோஷமாகக்கூட இருந்தேன்.

நான்கு சுவரையும் மூலையில் இணைத்து வளையமாக்க வேண்டும். மேல் ஓரத்தின் மடிப்பு வேறு, கீழ் ஓரத்தின் மடிப்பு வேறு. இடது பக்கச் சுவரில் வலைபோட்ட ஜன்னல், அதன்மேல் மழைக்கு ஒரு மூடி. எல்லாம் தைத்து முடித்து, இரண்டு நாற்காலிகளின் முதுகில் விரித்துப் பார்த்தேன். ஜன்னல் மூடி மேலிருந்து தொங்கவில்லை. கீழேயிருந்து வாயைப் பிளந்துகொண்டு நின்றது, சட்டைப் பை மாதிரி. அந்தச் சுவர் முழுவதையும் தலைகீழாக இணைத்திருந்தேன். மழை பெய்தால் தண்ணீரைப் பிடித்து உள்ளே ஊற்றும்.

மிச்சத் துணியில் ஒரு சுவர் தேறாது. கடைக்குப் போய் இன்னொரு துண்டு வாங்கலாம். வாங்கினால் ஏன் என்று சொல்ல வேண்டும். பிளேடை எடுத்துப் பிரித்தேன்.

கடைக்காரி சொன்னது சரி. நூல் போன இடமெல்லாம் துளை, எறும்பு வரிசைபோல. மேலும் கீழும் இருந்த வரிசைகளை மறைக்க, ஓரத்தை இரண்டு விரல் அகலம் கூடுதலாக உள்ளே மடித்துத் தைத்தேன். மேலே இரண்டு, கீழே இரண்டு. ஒரு சுவர் மட்டும் குட்டையாக இருக்க முடியாது. அதனால் நன்றாக இருந்த மற்ற மூன்றையும் அதே அளவுக்குக் குறைத்தேன். மூலைத் துளைகளை மடிக்க வழியில்லை. பசை தடவி அதன்மேலேயே தைத்தேன்.

புதன்கிழமை மாலை அத்தானும் நானும் வளையத்தைப் பெட்டியில் மாட்டினோம். கீழ் ஓரத்தை அலுமினியப் பட்டை வைத்துத் திருகினோம். மேல் ஓரத்தைக் கூரையில் திருகினோம். அவர் கூரையைத் தூக்கினார். துணி விறைத்தது. குழாய் நிமிரவில்லை. சாய்ந்தபடியே நின்றது. இன்னும் கொஞ்சம் தள்ளினார். தையல் முனகியது. சட்டென்று விட்டுவிட்டார்.

"ஏன்டா இப்டி?" என்றார். என்னைக் கேட்கவில்லை, குழாயைக் கேட்டார். டேப்பை எடுத்து அளந்தார். சட்டைப்பையிலிருந்த காகிதத்தைப் பார்த்தார். திரும்ப அளந்தார். "நாலு விரல் இடிக்குது. நான்தான் அளவுல கோட்டை விட்டிருக்கேன் போல."

நான் ஸ்க்ரூடிரைவரைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

"நீ எவ்ளோ வச்சுத் தைச்ச மாப்ள?"

"நீங்க குடுத்த அளவுதான் அத்தான்."

"அப்ப என் தப்புதான். துணில கை வைக்க வேணாம், அழகாத் தைச்சிருக்க. குழாய வெட்டிடலாம்."

துணியை அவர் அளக்கவே இல்லை. என்மேல் அவருக்கு அவ்வளவு நம்பிக்கை. அந்தக் குழாய்களை அவர் மூன்று ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து செய்தார். தன் தலைக்கு மேல் ஒரு விரல் இடம் விட்டு, உச்சியில் பலகை வைத்து அக்காவை அளக்கச் சொல்லி எடுத்த உயரம் அது. "உள்ள நான் நிமிர்ந்து நிக்கணும். அது போதும், மத்தது எப்டியிருந்தாலும் சரி" என்று அவர் சொல்லாத நாள் இல்லை.

ரம்பத்தை எடுத்தார். "அந்த முனையக் கொஞ்சம் பிடி" என்றார். பிடித்தேன். முதல் குழாய். இரண்டாவது குழாய். இரும்புத்தூள் என் செருப்பில் விழுந்தது. ஒவ்வொரு குழாய்க்கும் முன்னால் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். நான்காவதும் முடிந்தது.

போல்ட் போட்டதும் கூரை கச்சிதமாக நின்றது. அத்தான் உள்ளே ஏறினார். தலையைக் குனிந்துகொண்டு நின்றார், டெப்போவில் நிற்பதுபோல. "பரவால்ல" என்றார் உள்ளேயிருந்து. "ஒம்பது நாள்தானே. பழகின கழுத்துதான்."

மறுநாள் அக்கா அரைநாள் முன்னதாகவே வந்துவிட்டாள். தண்ணீர் அடித்துப் பார்க்கலாம் என்றாள். அத்தான் டெப்போவிலிருந்து வரவில்லை. அவள் உள்ளே உட்கார்ந்தாள். நான் வெளியிலிருந்து ஹோஸால் அடித்தேன்.

"நிறுத்து" என்றாள். "உள்ள வா."

மூலையில் தண்ணீர் துளித்துளியாக இறங்கிக்கொண்டிருந்தது. தையல் வழியாக இல்லை. தையலுக்குப் பக்கத்தில், ஒரே சீரான இடைவெளியில், ஒரு வரிசையாக. அக்கா விரலால் அந்த வரிசையைத் தொட்டுக்கொண்டே கீழே வந்தாள். கீழ் மடிப்பைப் புரட்டினாள். நகத்தால் நெம்பிப் பார்த்தாள். உள்ளே மடிந்திருந்த பழைய துளைகள் தெரிந்தன. லேபில் வேலை செய்பவள். ஒன்றைப் பார்த்தால் முழுவதும் பார்ப்பாள்.

"இது பிரிச்சுத் தைச்சதா?"

"ம்."

"எல்லாத்தையுமா உள்ள மடிச்ச?"

"ம்."

"அப்ப அவரு அளவு தப்பில்ல."

வெளியே ஹோஸ் தண்ணீரைத் தரையில் கொட்டிக்கொண்டிருந்தது.

"நீ தொழிற்சாலைல தைக்கவே இல்ல, இல்ல?"

"மடிச்சேன்."

அவள் திட்டுவாள் என்று காத்திருந்தேன். அவள் மடிப்பைப் பழையபடி அழுத்திவிட்டாள். "சரி. மூலைக்கு டேப் ஒட்டிடு. நான் அவர்கிட்ட எதும் சொல்லல. மனுஷன் வாரம் பூரா பாட்டுப் பாடிட்டுத் திரியறாரு. கெடுக்க வேணாம்."

அதுவரை என் அசிங்கம் என்னோடு இருந்தது. இப்போது அவளும் அதைச் சுமக்கப்போகிறாள். ஒன்பது நாளும் அவர் குனிந்து நிற்பதைப் பார்த்துக்கொண்டு, வாயை மூடிக்கொண்டு, எனக்காக. தன் புருஷனிடம் எதையும் மறைக்கத் தெரியாதவள் அவள். அதை எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டாள் என்பதுதான் என்னைக் குடைந்தது.

அத்தான் வந்து கேட்டைத் திறக்கும்போதே போய் நின்றேன். டிபன் பாக்ஸ் கையில் இருந்தது.

"அத்தான், குழாய் அளவு சரிதான். துணிதான் குட்டை. தலைகீழா வச்சுத் தைச்சு, பிரிச்சு, துளைய மறைக்க மடிச்சிட்டேன். தொழிற்சாலைலயும் நான் தைக்கல. மடிக்கிற வேலைதான்."

மனப்பாடம் செய்ததை ஒப்பிப்பதுபோல் மூச்சுவிடாமல் சொன்னேன். அவர் டிபன் பாக்ஸை மதில்மேல் வைத்தார். வண்டியைப் பார்த்தார். கோபம் வரவில்லை. ஏதோ கணக்குப் போட்டுப் பார்ப்பவர்போல் நின்றார்.

"குழாய வெட்றதுக்கு முன்னாடியே தெரியுமா உனக்கு?"

"தெரியும்."

"முனையப் பிடிச்சுட்டு இருந்தப்ப?"

"தெரியும் அத்தான்."

தலையை ஆட்டினார். உள்ளே போய்ச் சுவரில் முதுகை ஒட்டவைத்து நின்றார். அக்கா என்னைப் பார்க்காமல் அவருக்குத் தண்ணீர் கொண்டுபோனாள்.

வெள்ளிக்கிழமை காலை கடை திறக்கும்போது, பெட்டியிலிருந்து கழற்றிய துணி வளையத்தைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றேன். கடைக்காரி துணியைப் புரட்டிப் பார்த்தாள்.

"பிரிக்கிற மாதிரி தைக்கிறதில்லன்னு சொன்ன தம்பிதானே?"

"ஆமா."

"இனி இதுல ஊசிய வைக்கக் கூடாது. ஒட்டத்தான் முடியும். உயரத்துக்குக் கீழ சுத்திவர ஒரு பட்டை, மூலைத் துளைக்கு நாலு பட்டை. சாயந்தரம் ஆயிடும்."

சூடான காற்றடித்து ஒட்டும் கருவியை அவள் நகர்த்த நகர்த்த, பின்னாலேயே உருளையை வைத்து அழுத்தினேன். அதை மட்டும் என்னிடம் விட்டாள். இரண்டு முறை கையைச் சுட்டுக்கொண்டேன். அவள் கவனிக்கவில்லை, நானும் சொல்லவில்லை. வாசலில் ஒரு பெண் கித்தான் கேட்டு வந்தாள். "கொஞ்சம் இரும்மா, ஒரு ரிப்பேர் போய்ட்டிருக்கு" என்றாள் கடைக்காரி.

நான் வீட்டுக்கு வந்தபோது அத்தான் வெட்டிய துண்டுகளைத் திரும்பவும் குழாய்களோடு வெல்டிங் வைத்து முடித்திருந்தார். நான்கிலும் ஒட்டுப்போட்ட இடம் தழும்பாகத் தெரிந்தது. எதிர்வீட்டுக்காரர் வேலியில் நின்றார்.

"என்ன சார், இன்னைக்குக் கிளம்பறதாச் சொன்னீங்க?"

"ஒருநாள் தள்ளிப்போச்சு சார்."

"டெய்லர் லேட் பண்ணிட்டாரா?" சிரித்தார்.

அத்தான் சிரிக்கவும் இல்லை, என்னைப் பார்க்கவும் இல்லை. "குழாய்ல சின்ன வேலை" என்றார்.

துணியை மாட்டிக் கூரையைத் தூக்கினோம். அவர் உள்ளே ஏறி நிமிர்ந்து நின்றார். கையை உச்சந்தலைக்கு மேல் வைத்துப் பார்த்தார். ஒரு விரல் இடம் இருந்தது. கீழே இறங்கி, "சரியா இருக்கு" என்று அக்காவிடம் சொன்னார்.

சனிக்கிழமை காலை சாமான்களை ஏற்றினார்கள். லீவில் ஒருநாள் என்னால் போயிருந்தது. அக்கா முன்சீட்டில் ஏறிக் கதவை மூடினாள். அத்தான் சக்கரத்தைக் காலால் உதைத்துப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"வர்றியா?"

நான் உண்மையைச் சொன்னதிலிருந்து மாப்ள என்ற வார்த்தை அவர் வாயில் வரவில்லை.

"இல்ல அத்தான். திங்கக்கிழமை ஒரு எடத்துல வேலை விஷயமாப் பாக்க வரச் சொல்லியிருக்காங்க."

யாரும் எங்கேயும் வரச் சொல்லவில்லை. அது அவருக்குத் தெரிந்தது. தெரிந்தது எனக்கும் தெரிந்தது. "சரி" என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தார்.