நாலு வார்த்தை

ஜெராம் பாலாய் ராயா மண்டபத்துக்குப் பின்னால் வேனை நிறுத்தி, பக்கக் கண்ணாடியைத் தன் பக்கம் திருப்பிவைத்து டை கட்டிக்கொண்டிருந்தபோதுதான் காளியண்ணனுக்குச் செய்தி வந்தது. எதிரே நாசி கண்டார் சோற்றுக்கடை வைத்திருக்கும் ஜாபர் பாய் சாலையைக் கடந்து வந்து, கொஞ்சம் தள்ளியே நின்றார்.

"வீட்டுலேர்ந்து போன் வந்துச்சு காளி. எஸ்டேட்டுல ஒங்க அண்ணன் தவறிட்டாராம். பசியாற உக்காந்தவரு அப்படியே சாஞ்சிட்டாராம்."

காளியண்ணன் தலையாட்டினான். டையின் முடிச்சை மேலே ஏற்றி இறுக்கி முடித்தான். ஏன் அதை அவிழ்க்காமல் முடித்தான் என்று பிறகு பலமுறை யோசித்திருக்கிறான். உள்ளே அவனுடைய முகவர்கள் நாற்காலிகளை வரிசையாகப் போட்டுக்கொண்டிருந்தார்கள். கூட்டம் இல்லை என்று சொன்னதும் அவர்களும் அதே வெள்ளைச் சட்டை, டையோடு தங்கள் கார்களில் அவன் வேனுக்குப் பின்னாலேயே கிளம்பி வந்தார்கள்.

ஈஜோக் தாண்டி எஸ்டேட்டுக்குத் திரும்பும் இந்தச் செம்மண் சாலையில்தான் முன்பு அவனுக்கு மேடைப் பேச்சே வந்தது. மனைவி நவமணியோடு கோலசிலாங்கூரில் மசாலாத் தூள் அரைக்கத் தொடங்கிய புதிதில், சம்பள நாட்களில் எஸ்டேட் எஸ்டேட்டாகப் போய் வேன்மேல் ஒலிபெருக்கி கட்டி விற்பான். தூள் வாங்கிய பிறகும் ஜனங்கள் கலையாமல் நின்று அவன் பேசுவதைக் கேட்டார்கள். அங்கிருந்து கோயில் திருவிழா மேடை, கூட்டுறவுக் கூட்டம். வேலை போய் ஆட்கள் சும்மா உட்கார்ந்திருந்த எண்பத்தாறாம் ஆண்டில் ரவாங், கிள்ளான் மண்டபங்கள். தொழில் தொடங்குவது எப்படி, பயத்தை விடுவது எப்படி. பேச்சைக் கேட்டவர்கள் அவனுடைய முகவர்களானார்கள். முகவர்கள் வந்ததால் தூள் விற்றது. தூள் விற்றதால் பேச அழைத்தார்கள்.

பயணத்தில் எல்லாம் அவன் தனியாகத்தான் போவான். இருபுறமும் செம்பனை மரங்கள் வரிசை மாறாமல் வந்துகொண்டே இருக்கும். முன்கண்ணாடியைப் பார்த்து அடுத்த கூட்டத்துப் பேச்சைச் சத்தமாகச் சொல்லிக்கொண்டே ஓட்டுவான். கூட்டம் முடிந்து எல்லாரும் கைகொடுத்துவிட்டுப் போனபின், மைக்கைச் சுருட்டி வைத்துவிட்டு ஏதாவது ஒரு சாலையோரக் கடையில் மீ கோரெங் சாப்பிடுவான். அப்போது பேச ஒரு சொல்கூட இருக்காது. வீட்டுக்கு வந்து அரிசி தீர்ந்துவிட்டதா என்று கேட்டாலும் குரல் ஏறி இறங்கும். "இங்க யாரும் நாற்காலி போட்டு உக்காரல. சும்மா கேளுங்க" என்பாள் நவமணி. ஆரம்பத்தில் சிரித்துக்கொண்டே சொன்னாள்.

அண்ணன் நல்லசாமி எஸ்டேட்டையும் இருவரும் பிறந்த லயத்து வீட்டையும் விட்டு வரவில்லை. ரப்பர் பால் எடுக்கப் பால்மரம் வெட்டினான். மரங்களைத் தள்ளிவிட்டுச் செம்பனை போட்டதும் குலை அறுத்தான். காளியண்ணனின் பேச்சிலேயே அதிகம் கைதட்டல் வாங்கும் இடம் அண்ணனைப் பற்றியதுதான். 'ஒரே லயத்தில் பிறந்த இரண்டு பேர்' என்று தொடங்குவான். ஒருவன் விடிவதற்குமுன் எழுந்து மரத்தை அண்ணாந்து பார்த்தான், இன்னொருவன் சாலையைப் பார்த்தான் என்று போகும். பெயர் சொல்லமாட்டான். பெயர் சொல்லவில்லையே என்பது அவனுக்கு ஒரு சமாதானம்.

லயத்து வாசலில் கூடாரம் போட்டு அண்ணனைக் கிடத்தியிருந்தார்கள். அண்ணி வேலம்மா தலைமாட்டில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். மகள் கங்கா அவள் மடியில் கிடந்தாள். தூக்குவதற்கு முன் தொழிற்சங்கச் செயலாளர் சோமு பறையை நிறுத்தச் சொல்லிவிட்டு அவன் அருகே வந்தார்.

"காளி, நாலு வார்த்த பேசுப்பா. ஊரெல்லாம் பேசுற. சொந்த அண்ணனுக்குப் பேசாம இருந்தா நல்லாருக்காதுலா."

எழுந்து நின்றான். சின்ன வயதில் காய்ச்சலோடு கிடந்த தன்னை அண்ணன் டிஸ்பென்சரிக்குத் தோளில் தூக்கிப் போனது நினைவுக்கு வந்தது. அதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தான்.

"ஒரே லயத்தில் பிறந்த இரண்டு பேர்," என்றது வாய்.

அதற்குமேல் அவன் ஒன்றும் செய்ய வேண்டியிருக்கவில்லை. குரல் தானாக இறங்கியது, ஏறியது. ஒருவன் ஊர் ஊராகப் போய்ப் பேசினான், இன்னொருவன் பேசாமலே ஒரு குடும்பத்தை நிமிர்த்தினான் என்று மாற்றிச் சொன்னான். பொய்யில்லை, மனதிலிருந்துதான் வந்தது. பெண்கள் அழுதார்கள். "உயரத்துக்குப் போனவன் நானில்லை. தினமும் உயரத்தைப் பார்த்து நின்றவன் என் அண்ணன்" என்று சொல்லி, வழக்கம்போல் ஒரு மூச்சு நிறுத்தினான்.

அந்த இடைவெளியில் கைதட்டல் விழுந்தது.

கூடாரத்தின் ஓரத்தில் நின்ற முகவர்கள்தான். அவன் நிறுத்தினால் தட்ட வேண்டும் என்பது அவர்கள் கைகளுக்குப் பழகியிருந்தது. அவர்களைப் பார்த்து எஸ்டேட் ஆட்கள் சிலரும் தட்டினார்கள். பிறகு ஒவ்வொருவராக, தாங்கள் என்ன செய்கிறோம் என்பது தெரிந்து நிறுத்தினார்கள். கடைசியாகத் தட்டிக்கொண்டிருந்த ஒருவன் தன் கைகளைப் பார்த்துவிட்டு முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டான். பறையடிப்பவர்கள் தரையைப் பார்த்தார்கள். வேலம்மா மட்டும் காளியண்ணனை நிமிர்ந்து பார்த்தாள். கோபம் இருந்திருந்தால் அவனுக்குப் பிடிமானமாக இருந்திருக்கும். தெரியாத ஊரில் இறங்கியவள் பெயர்ப்பலகையைப் படிப்பதுபோல் பார்த்தாள்.

சுடுகாட்டுக்கு அவன் டையைக் கழற்றிச் சட்டைப் பைக்குள் திணித்துக்கொண்டு நடந்தான்.

கருமாதி முடிந்தபோது, வேலைக்கு ஆள் இல்லாத வீட்டைக் காலி செய்யவேண்டும் என்று எஸ்டேட் ஆபீஸ் கிராணி வந்து சொல்லிவிட்டுப் போனார். எல்லாரும் போனபின் காளியண்ணன் அண்ணியிடம் வந்தான். அவள் பாத்திரங்களைச் சாக்கில் கட்டிக்கொண்டிருந்தாள்.

"அண்ணி, அன்னைக்கு அவங்க தட்டினது..."

"அவரும் ஒருதரம் தட்டியிருக்காரு தம்பி."

அவனுக்குப் புரியவில்லை.

"ரவாங் மண்டபத்துக்கு வந்தாரு. ஒங்ககிட்ட சொல்லல. அந்த ரெண்டு பேர் கதைய கேட்டிருக்காரு. எல்லாரும் தட்டினாங்களாம், இவரும் தட்டினாராம். முன்னாடிதான் உக்காந்திருந்தேன், அவன் என்னைப் பாக்கவே இல்லன்னு சொன்னாரு. வேற ஒண்ணும் சொல்லல."

கூட்டத்தின் தலைகளுக்கு மேலே, பின்சுவரில் ஓர் இடத்தைப் பார்த்துப் பேச வேண்டும் என்பது அவன் தானாகக் கற்றுக்கொண்டது. அப்படிப் பார்த்தால் எல்லாரும் தங்களைப் பார்ப்பதாக நினைப்பார்கள். இத்தனை வருடமும் எத்தனையோ சுவர்களைப் பார்த்திருக்கிறான்.

"நீங்க நம்ம வீட்டுக்கு வந்துடுங்க அண்ணி. நவமணியும் சொன்னா. கங்காவோட எதிர்காலத்துக்கு..." குரல் தாழ்ந்து கனத்தது அவனுக்கே கேட்டது.

"கைய இறக்குங்க தம்பி," என்றாள் வேலம்மா மெதுவாக.

அப்போதுதான் அவன் தன் வலது கை நெஞ்சுக்கு நேராக விரிந்து நிற்பதைப் பார்த்தான்.

"நான் வரல. செரண்டாவுல என் தங்கச்சி இருக்கா. கங்காவுக்கு அங்க கையுறை ஃபேக்டரியில வேல கேட்டிருக்கோம். சாமான் ஏத்திட்டுப் போக ஒங்க வேன் கெடைச்சா போதும்."

மறுநாளே ஏற்றினான். முகவர்களைக் கூப்பிடவில்லை. அலமாரியையும் கட்டிலையும் சோமுவும் அவனுமாகத் தூக்கி வைத்தார்கள். வேலம்மாவும் கங்காவும் முன்னால் ஏறிக்கொண்டார்கள். ஒரு வளைவில் தட்டுமுட்டுச் சாமான் சரிந்தபோது கங்கா பின்னால் எட்டிப் பிடித்துக்கொண்டாள்.

தங்கை வீடு ரயில் பாதையை ஒட்டி இருந்தது. வேன் நின்றதும் தங்கையும் பக்கத்து வீட்டுப் பெண்களும் வெளியே வந்து, ஆளுக்கொரு மூட்டையாகத் தூக்கிப் போனார்கள். கட்டிலைப் பின்னறையில் போடுவதா, கூடத்தில் போடுவதா என்று உள்ளே பேச்சு கிளம்பியது. ஒருத்தி முடிப்பதற்குள் இன்னொருத்தி தொடங்கினாள். ஒரே நேரத்தில் மூன்று பேர் பேசினார்கள். நடுவில் அண்ணியின் குரல் கேட்டது. எதற்கோ அவள் "அய்ய, போடி" என்றாள். அவளுக்கு இப்படி ஒரு குரல் இருப்பது அவனுக்குத் தெரியாது.

காளியண்ணன் காலியான வேனின் பின்கதவைப் பிடித்தபடி நின்றான். கங்கா ஒரு டம்ளர் தேநீரைக் கொண்டுவந்து நீட்டினாள்.

"உள்ள வந்து குடிங்க சித்தப்பா."

"ம்," என்றான்.

அவள் உள்ளே போய்விட்டாள். வடக்கேயிருந்து சரக்கு ரயில் ஒன்று வந்து, வீட்டின் தகரக் கூரை அதிர, நீண்ட நேரம் கடந்தது. ஜன்னல் வழியே பெண்களின் வாய்கள் அசைவது தெரிந்தது. ரயிலுக்காக அவர்கள் நிறுத்தவில்லை. கைகளை ஆட்டி, முகத்தைச் சுளித்து, ஒருத்தி தோளை ஒருத்தி தட்டிப் பேசிக்கொண்டே இருந்தார்கள். அவன் தேநீரைக் கையில் வைத்துக்கொண்டு, ரயில் பெட்டிகளின் சத்தத்துக்கு அடியில், அண்ணியின் உதடுகளைப் பார்த்துக்கொண்டு நின்றான்.