அக்கா இல்லாத பத்து மணி

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்: இந்தக் கதை எனக்குத் தோன்றியதல்ல. ஆறு வருடமாக ஏன் ஒருநாள்கூட விடுப்பு எடுக்கவில்லை என்று அக்காவைக் கேட்டேன். அவள் சொன்னாள். அப்படியே சுட்டுவிட்டேன்.

2

'காலை மணி பத்து. மருத்துவமனைத் தாழ்வாரத்தில் மர்மமான அமைதி நிலவ...'

(வேண்டாம். எந்த மருத்துவமனைத் தாழ்வாரத்தில் அமைதி இருக்கிறது?)

நேராகவே சொல்கிறேன். அக்கா மருத்துவமனையின் கணினிப் பிரிவில் இருக்கிறாள். பரிசோதனை முடிவுகளை அந்தந்த வார்டுக்கு அனுப்பும் ஸ்கிரிப்ட்* அவள் எழுதியது. அவசரத்தில் அதைத் தன் பயனர் கணக்கிலேயே ஓடவிட்டாள். அங்கேதான் வினை. தினமும் பத்து மணிக்கு அவள் கடவுச்சொல்லைப் போட்டு உட்கார்ந்திருந்தால்தான் அது ஓடும். காய்ச்சலிலும் போனாள். அவள் மகள் வேறு ஊரில் குடித்தனம் வைத்து மூன்று வருடமாகிறது. அந்த வீட்டு வாசற்படியை அக்கா மிதித்ததில்லை.

* கணினி வரிசையாகச் செய்யவேண்டியதை எழுதிவைத்த சீட்டு. சொன்ன பேச்சைத் தட்டாது. என் பாத்திரங்கள் அப்படியில்லை.

3

மகள் போனில் சொன்னாள்: "நீ வர வேணாம்மா. உன் கம்ப்யூட்டரையாவது அனுப்பி வை."

அக்கா அழுதாள் என்று எழுதியிருந்தேன். அவள் அதை அடித்துவிட்டாள். அழவில்லையாம், கோபம் வந்ததாம், அதுவும் தன்மேலேயே.

மறுநாள் எந்த ஆளுக்கும் சொந்தமில்லாத, யாரும் உட்காராமலே ஓடக்கூடிய ஒரு புதுக் கணக்கைத் திறந்து, ஸ்கிரிப்டை அதன் பெயரில் ஓடவிட்டாள். 'அனுமதி இல்லை' என்று நின்றது. மேலாளர் எட்டிப் பார்த்து, அந்தக் கணக்குக்கு எல்லா அதிகாரத்தையும் கொடுத்துவிட்டால் தீர்ந்தது என்றார்.

"தபால் குடுக்க வர்றவர்கிட்ட வீட்டுச் சாவிக்கொத்தையா சார் குடுப்போம்?"

(மேலாளரை வில்லனாக்கலாமா என்று யோசித்தேன். பாவம், அவர் நாற்காலியை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார்.)

வரிவரியாகப் பார்த்ததில் குட்டு வெளிப்பட்டது. வார்டு முகவரிப் பட்டியலைத் தன் சொந்தக் கோப்புறையில் வைத்திருந்தாள், அவளைத் தவிர எவரும் திறக்க முடியாத இடத்தில். பட்டியலைப் பொது இடத்துக்கு மாற்றினாள். புதுக் கணக்குக்கு மூன்றே அனுமதி: பட்டியலைப் பார்க்க, முடிவுகளைப் படிக்க, வார்டுக்கு அனுப்ப.

அடுத்த நாள் பத்து மணிக்குத் தன் கணக்கிலிருந்து வெளியேறி, கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். ஆறாம் வார்டிலிருந்து செவிலியர் அழைத்தார். எல்லா முடிவுகளும் வந்துவிட்டனவாம். அக்கா அறை அதிரச் சிரித்தாள். இந்த வரி அவள் சேர்க்கச் சொன்னது.

4

கதைக்கு நான் எழுதிய முதல் முடிவு: மகள் வீடு. பத்து மணி. அக்காவின் போன் அடிக்கிறது, மருத்துவமனையிலிருந்து.

இரண்டாம் முடிவு: போன் அடிக்கிறது, ஆனால் அது...

இதற்குமேல் அவள் படிக்க விடவில்லை. "உனக்குக் கதை வேணும்னா உன் போனை அடிக்க வைடா. என்னோடதை விட்டுடு."

நடந்தது இதுதான். மகள் வீட்டுச் சமையலறையில் அக்கா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். பத்து ஆயிற்று. பத்தேகால். பத்தரை. போன் பக்கத்திலேயே சும்மா கிடந்தது. கெட்டுப்போய்விட்டதோ என்ற சந்தேகத்தில், மகளைத் தன் எண்ணுக்கு ஒருமுறை அடிக்கச் சொன்னாள். நன்றாகத்தான் அடித்தது. இரண்டு பேரும் வெங்காயத்தை விட்டுவிட்டுச் சிரித்தார்கள்.

ஒரு திருப்பம் இருந்தே தீரவேண்டும் என்பவர்கள், தாராளமாக உங்கள் பெயரில் எழுதிக்கொள்ளுங்கள். மகள் வீட்டில் அவள் இருக்கும் நாட்களில் அந்த போனை அடிக்கவைக்க எனக்கு அனுமதி இல்லை.