ஒன்பதாவது மாடியில் ஒரு வீடு

மலேசியாவின் பினாங்குத் தீவுக்கு வந்த முதல் வாரத்தில் நவமணியோடு மனம்விட்டுப் பேசியவள் லோகேஸ்வரி ஒருத்திதான். கோயம்புத்தூரில் பம்பு கம்பெனி ஒன்றில் பன்னிரண்டு வருடம் தரக்கட்டுப்பாடு பார்த்த நவமணியை, இரண்டு வருட ஒப்பந்தத்தில் எதிர்க்கரையில் பிறை என்ற ஊரில் உள்ள ஒரு தொழிற்சாலைக்கு எடுத்திருந்தார்கள். கணவனும் மகளும் முழுப்பரீட்சை முடிந்து வருவதாக ஏற்பாடு. லோகேஸ்வரிக்கு அதே தொழிற்சாலையில் சம்பளப் பிரிவில் வேலை. தீவில், ஜார்ஜ்டவுனிலேயே பிறந்து வளர்ந்தவள். நவமணியைவிட நாலைந்து வயது சின்னவள்.

மகளுக்குப் பார்த்திருந்த பள்ளி தீவில் இருந்தது. அதனால் வீடும் தீவில்தான் வேண்டும். வேலைக்குத் தினமும் கடல் தாண்ட வேண்டும். அந்தப் போக்குவரத்தைக் கற்றுக்கொடுத்ததே லோகேஸ்வரிதான். காலை ஆறரைக்கெல்லாம் படகுத்துறையில் நின்றுகொண்டு, "பசியாறியாச்சா அக்கா?" என்பாள். ஃபெரியில் எந்தப் பக்கம் உட்கார்ந்தால் வெயில் அடிக்காது, அக்கரையில் பட்டர்வொர்த்தில் இறங்கி எந்த வழியாக ஓடினால் கம்பெனி பஸ்ஸைப் பிடிக்கலாம், எல்லாம் அவளுக்கு அத்துப்படி.

வீட்டுத் தரகர் சிவநேசனுக்குப் போன் போட்டவளும் அவள்தான். "நம்ம ஆளுதான் அக்கா, தமிழரு." கம்பெனி கடிதத்தைக் காட்டிய இரண்டே நாளில், கடலைப் பார்த்த ஏழாவது மாடி வீடு நவமணிக்குக் கிடைத்தது. அந்தச் சனிக்கிழமை முழுக்க லோகேஸ்வரி கூடவே இருந்தாள். திரைச்சீலைக்கு அளவெடுத்தாள். வாளி, துடைப்பம் வாங்கக் கடைக்குக் கூட்டிப்போனாள். மத்தியானம் இருவரும் வெறுந்தரையில் உட்கார்ந்து நாசி கண்டார் சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்துச் சாப்பிட்டார்கள். கை கழுவிவிட்டு பால்கனியில் நின்ற லோகேஸ்வரி வெகுநேரம் உள்ளே வரவில்லை.

"பொறந்ததுலேர்ந்து இங்கதான் இருக்கேன். ஆனா இந்தக் கடலை இவ்ளோ உயரத்துலேர்ந்து பார்த்ததே இல்ல லா," என்றாள்.

மூன்றாவது மாதம் லோகேஸ்வரி குடியிருந்த வாடகை வீட்டை அதன் உரிமையாளர் விற்றுவிட்டார். நடக்கச் சிரமப்படும் அப்பாவை வைத்துக்கொண்டு மாதக் கடைசிக்குள் அவள் காலி செய்தாக வேண்டும். நவமணியின் கட்டடத்தில் ஒன்பதாவது மாடியில் ஒரு வீடு காலியாக இருந்தது. நவமணியின் வீட்டு உரிமையாளர்தான் அதற்கும் உரிமையாளர்.

"லிஃப்ட் இருக்கு, அப்பாவுக்கு வசதி. நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க அக்கா," என்று ஃபெரியில் கேட்டாள்.

அன்று சாயங்காலமே நவமணி சிவநேசனை அழைத்தாள். லோகேஸ்வரியின் பேரைச் சொன்னதும் மறுமுனையில் பெருமூச்சு கேட்டது.

"ஓனர் லோக்கல் இண்டியன் வேணாம்னு சொல்லியிருக்காரு அக்கா. நீங்க வெளிநாட்டுலேர்ந்து வந்த எக்ஸ்பாட், கம்பெனி லெட்டர் இருக்கு. அதனாலதான் உங்களுக்கு ஒத்துக்கிட்டாரு."

"நீங்களும் தமிழ்தானுங்களே?"

"நானே போய்க் கேட்டாலும் எனக்குக் கிடைக்காது லா. என்னை என்ன செய்யச் சொல்றீங்க?" குரலைத் தணித்துக்கொண்டு தொடர்ந்தார். "நீங்களும் இதைப் பெரிசு பண்ணாதீங்க. அடுத்த வருஷம் உங்க வீட்டு அக்ரிமெண்ட்டை ரினியூ பண்ணணும். பாப்பா வேற வருது."

ஏதோ சொல்ல வாயெடுத்த நவமணி, "சரிங்க," என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டாள். கோபம் வந்தது உண்மைதான். ஆனால் அதற்கு அடியில், தன்னை வேறு வகையில் சேர்த்திருக்கிறார்கள் என்ற சின்ன நிம்மதியும் இருந்தது. அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை.

மறுநாள், "அந்த வீட்டுக்கு ஆள் வந்துட்டாங்களாம் லோகேஸ்," என்றாள்.

"பரவால்ல அக்கா. கேட்டீங்களே, அதுவே போதும்."

பத்து நாள் கழித்து, ஃபெரி துறையை விட்டுக் கிளம்பும் முன்பே லோகேஸ்வரி பேச்சைத் தொடங்கினாள்.

"நேத்து சிவநேசனுக்கு நானே போன் போட்டேன். ஒன்பதாவது மாடி இன்னும் காலிதானாம். காரணத்தை உங்ககிட்ட அன்னிக்கே சொல்லிட்டாராமே."

நவமணிக்கு முகம் சுட்டது. "உன் மனசு நோகக் கூடாதுன்னுதான்..."

"பத்து வருஷமா இந்த ஊர்ல வீடு தேடறேன் அக்கா. போன்ல என் பேரைக் கேட்டதும், 'இப்பத்தான் ஆள் வந்தாங்க'ன்னு எத்தனை பேரு சொல்லியிருக்காங்க தெரியுமா? அதே பொய்யைத்தான் நீங்களும் சொன்னீங்க."

"தப்புதான். நான் அவரை எதிர்த்துப் பேசியிருக்கணும்."

"அவருகிட்ட என்ன சொன்னீங்க?"

நவமணி கைப்பையின் வாரைப் பிடித்தபடி இருந்தாள். "சரின்னுட்டேன்."

லோகேஸ்வரி தலையை ஆட்டினாள். "நீங்க ரெண்டு வருஷத்துல ஊருக்குப் போயிடுவீங்க. நான் எங்க அக்கா போறது?"

பதிலுக்குக் காத்திராமல் எழுந்து, மோட்டார் சைக்கிள்கள் நிற்கும் பக்கம் போய் நின்றுகொண்டாள். கம்பெனி பஸ்ஸிலும் முன்னால் ஏறி ஓட்டுநருக்குப் பின்சீட்டில் உட்கார்ந்தாள்.

மாதக் கடைசியில் அப்பாவோடு அக்கரையிலேயே கெப்பாலா பத்தாசில் இருக்கும் தம்பி வீட்டுக்குப் போய்விட்டாள். அங்கிருந்து வேலைக்கு மோட்டார் சைக்கிளிலேயே வரலாம், ஃபெரி தேவையில்லை. வரிப் படிவம் ஒன்றில் கையெழுத்துப் போட நவமணி சம்பளப் பிரிவுக்குப் போனபோது, "இங்க சைன் பண்ணுங்க மேடம்," என்றாள். நவமணி குனிந்து, "லோகேஸ், ஒரு நிமிஷம் பேசலாமா?" என்று கேட்டாள். "வேலை நேரம் மேடம்," என்று லோகேஸ்வரி அடுத்த கோப்பை எடுத்தாள். குரலில் கோபம்கூட இல்லை.

கணவனும் மகளும் வந்து சேர்ந்தார்கள். மகள் பால்கனியில் நின்று சந்தோஷத்தில் துள்ளினாள். "பரவால்லயே, எப்படிப் புடிச்ச இந்த வீட்டை?" என்று கணவன் கேட்டான். "ஏஜென்ட் மூலமா," என்றாள் நவமணி.

வருட முடிவில் ஓசூரிலிருந்து யுகேந்திரன் என்ற பொறியாளர் அவளுடைய பிரிவுக்கு வந்தான். அவனுக்கும் தீவில் வீடு வேண்டுமாம். மேலாளர் அவளிடம் அனுப்பிவைத்தார். சிவநேசனின் எண்ணைத் தேடிக்கொண்டிருக்கும்போது அவன் தயங்கித் தயங்கிக் கேட்டான்.

"இங்க இந்தியர்னா வீடு குடுக்க யோசிப்பாங்கன்னு சொல்றாங்களே மேடம், நெஜமா?"

கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் லோகேஸ்வரி கோப்புகளை அணைத்துக்கொண்டு போவது தெரிந்தது. அவள் தாண்டிப் போகும்வரை நவமணி காத்திருந்தாள்.

"நமக்குக் குடுப்பாங்க," என்றாள்.

அவன் அன்றைக்கே சிவநேசனுக்குப் போன் செய்தான். அடுத்த வாரம் ஒன்பதாவது மாடிக்குக் குடிவந்தான்.