பதினோராம் மாடியின் வெப்பம்

மதலேனாவின் அறிக்கையை என்ஜினியர் பெர்னார்ட் இரண்டு பக்கம் புரட்டிவிட்டு மேசை ஓரமாகத் தள்ளினார். அந்த நிமிடமே அவள் முடிவு செய்துவிட்டாள், இந்த மனிதனைச் சும்மா விடுவதில்லை என்று.

அது 1982. சிங்கப்பூரின் ஷென்டன் வே தெருவில் இருந்த இருபது மாடி அலுவலகக் கட்டடத்தில் மின்சாரத்தை மிச்சப்படுத்தச் சொல்லி மேலிடத்து உத்தரவு. பராமரிப்புப் பிரிவில் டெக்னீஷியனாக இருந்த மதலேனா நான்கு மாதம் மாடி மாடியாக ஏறி, யார் குளிரில் நடுங்குகிறார்கள், யார் மேற்கு வெயிலில் வேகிறார்கள் என்று கேட்டு எழுதியிருந்தாள். ஏர்கான் சுவிட்ச் அங்கே உட்காருபவர்கள் கையில் இருக்க வேண்டும், பூட்டி வைத்தால் அவர்கள் குறுக்குவழி தேடுவார்கள், மேற்குச் சன்னல்களுக்கு வெளியே நிழல் பலகை வேண்டும். இதுதான் அவள் கண்டது.

"டைப்பிஸ்ட் பொண்ணுங்க பேச்செல்லாம் டேட்டாவா? மெஷினுக்கு மனுஷங்க கதை எதுக்கு லா?" என்றார் பெர்னார்ட். அறையில் இருந்த மற்ற அலுவலர்கள் சிரித்தார்கள்.

மறுமாதம் மாடிதோறும் வெப்பத்தை அளந்து ஏர்கானை இயக்கும் பெட்டிகள் வந்தன. எல்லாவற்றுக்கும் பூட்டு. சாவி பெர்னார்ட்டிடம்.

பதினோராம் மாடியில் மேற்குச் சன்னலோரம் வெந்துகொண்டிருந்த டைப்பிஸ்ட் லீலாவிடம் மதலேனாதான் வழி சொன்னாள். மேசை விளக்கைப் பெட்டிக்குக் கீழே எரியவிட்டால், அறையே கொதிக்கிறதென்று நினைத்து அது குளிரைக் கொட்டும். இரண்டே வாரத்தில் ஆறு மாடிகளில் விளக்குகள் எரிந்தன. மின்சாரச் செலவு பழைய அளவையும் தாண்டியது.

விசாரிக்க வந்த நிர்வாகி முத்துசாமியிடம் பெர்னார்ட் மெஷின்மேல் பழி போட்டார். மதலேனா அவர்களைப் பதினோராம் மாடிக்கு அழைத்துப்போய் விளக்கைக் காட்டினாள். அறிக்கையின் நகலை நிர்வாகியிடம் நீட்டினாள்.

"பூட்டினா இப்படித்தான் ஆகும்னு முன்னாடியே எழுதிக் கொடுத்தேன். சார் படிக்கல."

பெர்னார்ட்டின் முகம் வெளுத்ததை அவள் கண் எடுக்காமல் பார்த்தாள். அத்தனை இனிப்பை அவள் அதுவரை ருசித்ததில்லை.

விளக்கு வைக்கச் சொன்னது யார் என்று முத்துசாமி கேட்டார். லீலா மதலேனாவைப் பார்த்தாள். மதலேனா வாய் திறக்கவில்லை. "நான்தான் சார்" என்றாள் லீலா. அவளுக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது.

பெர்னார்ட் ஆறு மாதத்தில் வேலையை விட்டுப் போனார். நிழல் பலகைகள் வந்தன, அறை குளிர்ந்தது, சுவிட்ச் லீலாவின் கைக்கே வந்தது. ஆனால் லீலா மதலேனாவோடு அப்புறம் ஒரு வார்த்தையும் பேசவில்லை.